எந்தத் துப்பாக்கி போதும்?

பெரம்பலூர் மாவட்டத்தில் மானாவாரி மக்காச்சோளம் பால் பிடிக்கிற ஐப்பசி, கார்த்திகையில் உழவர்களுக்குப் பாதி ராத்திரிதான் தூக்கம். அரும்பாவூர், பூலாம்பாடி, மலையாளப்பட்டி என்று பச்சைமலை அடிவாரத்து ஊர்களில் பரணில் உட்கார்ந்து டார்ச் அடிப்பார்கள், தகரம் தட்டுவார்கள், வெடி போடுவார்கள். அப்படியும் ஒரு பன்றிக்கூட்டம் கொல்லைக்குள் இறங்கிவிட்டால், விடியும்போது பயிர் தரையோடு தரையாகக் கிடக்கும். தின்றது கொஞ்சம், சாய்த்ததுதான் அதிகம். இந்த நாட்களில் ஊர்ப்பக்கம் போனால் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று: “பன்னியச் சுடணும்னா எந்தத் துப்பாக்கிண்ணே தோதா இருக்கும்?”

நியாயமான கேள்வி. பெரிய மிருகத்தின் எதிரில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டதும் இதைத்தான். இதற்குக் குழல் விட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போவது பொறுப்பான பதிலாகாது.

பன்றியிலிருந்தே தொடங்குகிறேன். வளர்ந்த ஆண் பன்றி 100 கிலோவைத் தாண்டும். தோள்பட்டைப் பக்கம் தோலுக்கடியில் கெட்டியான தட்டு ஒன்று வளர்ந்திருக்கும். ஆண் பன்றிகள் ஒன்றோடொன்று மோதும்போது கோரைப்பல் ஆழமாக இறங்காமல் காக்கும் கவசம் அது. முயலுக்கும் கௌதாரிக்கும் போடுகிற சிறு ரவை அந்தத் தட்டோடு நின்றுவிடும். பன்றி சாகாது. ஓடையோரத்துச் சீமைக்கருவேல் புதருக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் பருத்தி எடுக்கவோ ஆடு மேய்க்கவோ அந்தப் பக்கம் போகிறவர் மேல்தான் அதன் ஆத்திரம் இறங்கும். பன்றி குத்துவது பெரும்பாலும் தொடையில். அங்கே ஓடுகிற பெரிய ரத்தக்குழாய் அறுந்தால் ஆஸ்பத்திரி போய்ச் சேரவும் நேரம் இருக்காது.

ஆகவே என் அளவுகோல் இது: சுட்டே ஆக வேண்டும் என்றால், சுட்ட இடத்திலேயே மிருகத்தின் உயிர் போக வேண்டும். அதைச் செய்ய முடியாத துப்பாக்கி எதுவானாலும் போதாத துப்பாக்கி. அதைச் செய்ய முடியாத கையும் போதாத கைதான்.

போதாத துப்பாக்கி என்ன செய்யும் என்பதற்கு இந்திய வேட்டை வரலாற்றிலேயே பெரிய சாட்சி சம்பாவத் பெண்புலி. 1907இல் குமாவுன் மலையில் ஜிம் கார்பெட் அதைச் சுட்டு வீழ்த்துவதற்குள் அது கொன்றவர்கள் 436 பேர் என்பது அவர் எழுதிவைத்த கணக்கு. செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தபோது வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. மேல்பல் பாதியோடும், கீழ்ப்பல் எலும்பு வரைக்கும். யாரோ எப்போதோ சுட்ட குண்டு பட்டு உடைந்தவை. மானைப் பிடிக்க முடியாத புலி மனிதர்களைப் பிடிக்கத் தொடங்கியதற்குக் காரணம் அந்தக் காயம்தான் என்றார் கார்பெட். அந்தக் குண்டைச் சுட்டவர் யார் என்று இன்றுவரை தெரியாது.

எந்தத் துப்பாக்கி போதும் என்ற கணக்கை அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் மிகக் கவனமாகப் போட்டார்கள். குண்டின் எடை, வேகம், அது உள்ளே போய் என்ன ஆகிறது என்று மூன்றையும் பார்ப்பார்கள். .375 ஹாலண்டு அண்டு ஹாலண்டு மேக்னம் 1912இல் வந்தது. 19 கிராமுக்குச் சற்று மேலான குண்டு நொடிக்கு 770 மீட்டர் வேகத்தில் போகும், ஆற்றல் சுமார் 5,800 ஜூல். ஆப்பிரிக்காவில் யானை, காட்டெருமை போன்றவற்றுக்கு இதற்குக் குறைந்த துப்பாக்கி கூடாது என்று பல நாடுகள் பின்னால் விதியே வைத்தன. .470 நைட்ரோ எக்ஸ்பிரஸ் இரட்டைக்குழல் ரைஃபிளில் 32 கிராம் குண்டு. கிட்டத்தட்ட 7,000 ஜூல். ராணுவத்தின் .303 இதில் பாதியைக்கூட எட்டாது. புலிக்கும் சிறுத்தைக்கும் உள்ளே போய் மொக்கையாகி விரிகிற ஈயமுனைக் குண்டு வேண்டும். யானைக்கு அது ஆகாது. யானையின் மண்டையில் மூளையைச் சுற்றிக் காற்றறைகள் நிறைந்த எலும்பு கனமாக இருக்கும். அதைத் துளைத்துக்கொண்டு நேராகப் போக உலோக உறை போட்ட, விரியாத குண்டு வேண்டும்.

இந்தக் கணக்கைப் பொய்யாக்கியவரைப் போலத் தெரிகிறவர் ‘கரமோஜோ’ பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். ஆப்பிரிக்காவில் ஆயிரம் யானைகளுக்கு மேல் சுட்டவர், அதில் பெரும்பகுதியை 7 மில்லிமீட்டர் குழல் கொண்ட சிறிய .275 ரைஃபிளாலேயே சுட்டார். ஆனால் அவர் யானையின் மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் நின்றால் குண்டு அதைத் தொடும் என்று படித்தவர். அவர் பெயரைச் சொல்லிச் சிறிய துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தப் படிப்பு இருக்காது. அத்தனை யானைகளைத் தந்தத்துக்காகக் கொன்ற அந்தத் தொழிலின் மேல் எனக்கு மரியாதை இல்லை. அந்தப் படிப்பின் மேல் உண்டு.

நமக்குக் கிட்டத்தில் கென்னத் ஆண்டர்சன். பெங்களூர்க்காரர். அன்றைய சேலம் மாவட்டத்தில் பென்னாகரம், ஒகேனக்கல், ஜவளகிரி காடுகளில் ஆட்கொல்லிகளைத் தேடி அலைந்தவர். கையில் .405 வின்செஸ்டர், ஆற்றல் 4,300 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909இல் ஆப்பிரிக்காவுக்குப் போனபோது சிங்கத்துக்கு நம்பி எடுத்துப்போனதும் அதே ரகம்தான். ஆண்டர்சனின் எழுத்தைப் படித்தால் ஒன்று விளங்கும். அடிபட்ட புலியைப் புதருக்குள் தேடிப் போவதுதான் அந்த வேலையிலேயே ஆபத்தான கட்டம். முதல் குண்டு சரியாக இறங்கிவிட்டால் அந்தக் கட்டமே வராது.

நான் சொல்ல வந்தது இனிமேல்தான். இந்த நாட்டில் எந்தத் துப்பாக்கி யார் கையில் இருக்கலாம் என்பதை மிருகத்தின் தோல் தீர்மானித்ததில்லை. ஆட்சியாளர்களின் பயம் தீர்மானித்தது.

1878இல் லிட்டன் பிரபு கொண்டுவந்த ஆயுதச் சட்டம் இந்தியர்கள் துப்பாக்கி வைத்துக்கொள்ள உரிமம் கேட்டது. வெள்ளைக்காரர்களுக்கு விலக்கு அளித்தது. சம்பாவத் புலி செத்த அதே 1907இல், பெரிய மிருகங்களுக்கென்றே பெயர்பெற்ற .450 ரைஃபிளையும் அதன் குண்டுகளையும் இந்தியாவுக்குள்ளும் சூடானுக்குள்ளும் கொண்டுவரத் தடை போட்டார்கள். காரணம், கலகக்காரர்கள் கைக்குப் போயிருந்த பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கியும் அதே விட்டம். இந்தியச் சந்தையை இழக்க மனமில்லாத லண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது விட்டங்களில் குழல் செய்தன. இன்று உலகம் முழுக்க வேட்டைக்காரர்கள் கொண்டாடுகிற .470 பரவியதற்குப் பின்னால் இருப்பது நம் ஊர்க் கலகத்தைப் பற்றிய அச்சம். .303 ராணுவத்துக்கு மட்டும் என்று ஆனபோது, அதன் இடத்தில் பொதுமக்களுக்கு .315 வந்தது. இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலை செய்த ரைஃபிள். நம் பக்கத்தில் உரிமம் பெற்ற ரைஃபிள் என்றால் இன்றும் பெரும்பாலும் அதுதான்.

சுதந்திரத்துக்குப் பின் வந்த 1959ஆம் வருட ஆயுதச் சட்டத்தைப் பாருங்கள். அதன் 13ஆவது பிரிவு பயிர்ப் பாதுகாப்புக்கு என்று உழவருக்கு எதைக் கொடுக்கச் சொல்கிறது? குழலின் வாய்வழியாகக் கருமருந்தும் ரவையும் இட்டுக் கெட்டிக்கிற துப்பாக்கியை. அது போதாது என்று உரிமம் தருகிற அதிகாரிக்குத் தோன்றினால் வேறு வகை வழுவழுப்புக் குழல் துப்பாக்கி தரலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆக ‘போதுமா’ என்ற கேள்வி சட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. அதைப் பன்றியின் தோளை வைத்துக் கேட்டவர்கள்தான் குறைவு.

வாய்வழி கெட்டிக்கிற அந்தத் துப்பாக்கியை நம் பக்கத்தில் நன்றாக அறிந்தவர்கள் நரிக்குறவர்கள். பெரம்பலூர் மாவட்டத்தில் எறையூரிலும் காரை மலையப்ப நகரிலும் அவர்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கிறார்கள். காடை, கௌதாரி, நரி என்று எதற்கு எவ்வளவு மருந்து, எவ்வளவு தூரம் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். 1972ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் பின்னால் வந்த திருத்தங்களும் அந்தத் தொழிலை முடித்துவைத்தன. அவர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறியது 2022 டிசம்பரில்தான். இன்று காவல்துறை செய்திகளில் அடிபடுகிற நாட்டுத் துப்பாக்கிகள் வேறு ரகம். உரிமம் கிடையாது, பட்டறையில் அடித்த குழல், உள்ளே பால்ரஸ். சில சமயம் பன்றியைவிடச் சுடுகிறவரின் கையைத்தான் அது பதம் பார்க்கும்.

துப்பாக்கியும் கிடைக்காதபோது, கடித்தால் வாயிலேயே வெடிக்கிற அவுட்டுக்காய் வைக்கிறார்கள், வேலியில் திருட்டு மின்சாரம் விடுகிறார்கள். 2023 மார்ச்சில் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே பன்றிக்காகப் போட்ட மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. பக்கத்தில் இரண்டு குட்டிகள் நின்றன. அதே மாதிரிக் கம்பியில் சிக்கி, ராத்திரித் தண்ணீர் பாய்ச்சப் போன உழவர்களும் செத்திருக்கிறார்கள். இதைச் செய்கிறவர்களைக் கொடியவர்கள் என்று சொல்ல என்னால் முடியாது. ஆனால் செய்வது கொடுமை. அவுட்டுக்காயில் வாய் கிழிந்த மிருகம் நாள்கணக்கில் பட்டினி கிடந்து சாகும்.

அப்படியானால் ஒவ்வோர் உழவருக்கும் .315 கொடுத்துவிடலாமா? கூடாது என்பதே என் முடிவு. பன்றிக்கு ஈயமுனைக் குண்டு போட்ட .315 போதும், சந்தேகமில்லை. ஆனால் ரைஃபிள் குண்டு குறி தப்பினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். நம் கொல்லைகளில் நாலு பக்கமும் பரணில் ஆள் இருக்கிறார்கள். உயரத்திலிருந்து தரையைப் பார்த்து, பின்னால் மண் இருக்கிறதா என்று தெரிந்து சுட வேண்டும். அது பயிற்சி கேட்கிற வேலை. ரைஃபிள் ஊரெல்லாம் பரவினால் பன்றியோடு நிற்காது. பெரம்பலூர்க் காடுகளின் புள்ளிமானுக்கும் அதே கதிதான்.

உயிரோடு பிடிக்கவும் நம்மால் முடியும். 2021இல் கூடலூர், மசினகுடிப் பகுதியில் டி23 என்ற புலியை மூன்று வாரத் தேடலுக்குப் பின் மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். கொல்வதற்கு அவசரம் வேண்டாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் சொன்ன பிறகு நடந்தது அது. 2024 ஏப்ரலில் மயிலாடுதுறையைக் கலக்கிய சிறுத்தையைத் தொடர்ந்து அரியலூர் மாவட்டம் செந்துறை அரசு மருத்துவமனைப் பக்கம் சிறுத்தை ஒன்று கேமராவில் பதிவானபோது, ஊரே கதவைச் சாத்தியது. துப்பாக்கியோடு கிளம்பாமல் வனத்துறையை எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அந்த மக்களை நான் மனதாரப் பாராட்டுகிறேன். பன்றிக்கூட்டத்துக்கு மயக்க ஊசி நடைமுறைக்கு வராது, அங்கே கூண்டும் ரைஃபிளும்தான்.

2025 ஜனவரியில் சட்டப்பேரவையில் அறிவிக்கப்பட்ட நடைமுறைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவும் பிடிக்கவும் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். மூன்றுக்கு மேல் பயிற்சி பெற்ற வனத்துறையினர் சுடலாம். நல்ல வழி இது, சரியான கைக்குச் சரியான துப்பாக்கியைக் கொடுக்கிற வழி. ஆனால் பச்சைமலை அடிவாரத்துக் கொல்லைகளில் பல முதல் மூன்று கிலோமீட்டருக்குள்ளேயே இருக்கின்றன. அங்கே ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் கூண்டும், எங்கும் உடனடி இழப்பீடும்தான் உழவருக்கு மிச்சம். இழப்பீடு அறுவடை முடிந்து, கடன் வட்டி ஏறிய பிறகு வந்தால் அடுத்த வருடம் அவர் அவுட்டுக்காயைத்தான் தேடுவார்.

துப்பாக்கியை உழவர் கையிலிருந்து விலக்கி வைத்த அரசு, அந்தத் துப்பாக்கி செய்ய வேண்டிய வேலையையும் தானே ஏற்க வேண்டும். பெரம்பலூர், அரியலூர் ஆட்சியர்களுக்கும் வனத்துறைக்கும் என் வேண்டுகோள் இது: புரட்டாசி முடிவதற்குள் ஒன்றியத்துக்கு ஒரு குழுவைப் போதுமான ரைஃபிளும் தேர்ந்த சுடுநரும் கூண்டுகளுமாகத் தயார் செய்யுங்கள், அந்தக் குழுவின் தொலைபேசி எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதிவையுங்கள். உழவர்களுக்கு: அந்த எண் வரும்வரை வேலியில் மின்சாரம் விடாதீர்கள்.