பிணத்தில் வைரஸைத் தேடினால் போதுமா?

யானைக்கன்றுகளைக் கொல்லும் ஹெர்பிஸ் வைரஸான ஈ.ஈ.எச்.வி.யை 'முகாம் நோய்' என்று ஒதுக்குவது வசதியான வாதம். ஆனால் பிழையான வாதம். கேரள வனக் கால்நடை மருத்துவர் அருண் சக்கரியாவும் கேரி ஹேவர்டு உள்ளிட்டோரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தகர்த்தது. தென்னிந்தியாவில் முகாம் யானைகளிலும் காட்டு யானைகளிலும் ஒன்பது இறப்புகளை ஆராய்ந்து, 1ஏ வகையில் ஏழு திரிபுகளையும் 1பி வகையில் ஒன்றையும் அவர்கள் கண்டனர். இத்தனை வேறுபாடு புதிதாக வந்த வைரஸுக்கு உரியதன்று. ஆசிய யானையோடு தொன்றுதொட்டு வாழும் வைரஸுக்கே உரியது. ஆகவே வாளையாறு–மதுக்கரை, மறையூர்–அமராவதி காடுகளின் மந்தைகளும் இக்கேள்விக்கு உட்பட்டவையே. இருபத்திரண்டு மாதம் சுமந்து ஒரு கன்றை ஈனும் இனத்தில் ஓர் இழப்பும் சிறிதன்று.

அடுத்த குறை முறையியலைச் சார்ந்தது. இறந்த உடலில் பி.சி.ஆர். செய்தால் வைரஸ் இருந்தது தெரியும். அது நோயெதிர்ப்புச் செல்லை என்ன செய்தது என்பது தெரியாது. எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றிய பி செல்களில் இரு ஏற்பி மரபணுக்களின் வெளிப்பாடு பெருகுவதை 1993-இல் கண்டறிந்தனர். அவற்றுள் ஒன்றே, செல்களை நிணநீர்க் கணுவுக்கு வழிநடத்தும் சி.சி.ஆர்.7. மனித ஹெர்பிஸ் வைரஸ் 6, டி செல்களில் சி.எக்ஸ்.சி.ஆர்.4 ஏற்பியைக் குறைக்கிறது. செல் எங்குச் செல்ல வேண்டும் என்பதையே வைரஸ் மாற்றி எழுதுகிறது என்பது இவற்றின் பொருள். இவ்விரு மனித வைரஸ்களும் எதிரெதிர்த் திசையில் ஏற்பிகளை மாற்றும்போது, அம்முடிவுகளை யானையின் மோனோசைட்டுக்கு அப்படியே ஏற்றிப் பேசுவது அறிவியலாகாது. யானையின் செல்லிலேயே அளந்தாக வேண்டும்.

அவ்வளவீட்டுக்கு ஆர்.என்.ஏ. தேவை. நாள் கடந்து கிடைக்கும் சடலத்தில் அது சிதைந்திருக்கும். உயிருள்ள கன்றின் புதிய குருதியே வேண்டும். நலமாயிருந்த நாளின் குருதியும் ஒப்பீட்டுக்கு வேண்டும். முகாம்களில் பழகிய கன்றுகளிடம் இதை முறையாக எடுக்கலாம். முகாமின் உண்மையான பயன் அதுவே: காட்டு மந்தைக்கான அடிப்படை அளவுகளை அது தரும்.

2024 மே மாதம் கேரளமும் தமிழகமும் கர்நாடகமும் ஒரே நாட்களில் யானைகளைக் கணக்கெடுத்தன. தலைகளை எண்ண எல்லை தடையாகவில்லை என்றால், குருதி மாதிரிகளைப் பொதுவாகச் சேமிக்க மட்டும் ஏன் தடையாக வேண்டும்? யானைக்கு இல்லாத எல்லையை உறைபெட்டியில் வரைவதால் ஆதாயம் வைரஸுக்கு மட்டுமே.