பெர்கன் வெறும் வெயிட்டிங் ரூம் இல்லை

நார்வே கடலோரக் கப்பல் பயணம் பத்தி எழுதுறவங்க பெரும்பாலும் பெர்கன் நகரத்துக்கு ஒதுக்குறது ஒரே ஒரு பத்திதான். மதியம் வந்து இறங்கினோம், மீன் மார்க்கெட் பார்த்தோம், மலை ரயில்ல ஏறி நாலு போட்டோ எடுத்தோம், ராத்திரி கப்பல் ஏறிட்டோம். அவ்ளோதான், அடுத்த பதிவுல ஃப்யோர்டு ஆரம்பிச்சுடும். டூர்காரங்க அச்சடிச்சுத் தர்ற அட்டவணையிலும் இதே கதைதான். அரை நாள் நகர் உலா, அப்புறம் கப்பல்.

எனக்கு இதுல உடன்பாடே இல்லை மக்களே. கப்பல் டிக்கெட்டுக்கு அவ்வளவு காசு அழுறோம். அந்தக் கப்பல் காட்டப்போற கரை எப்படிப் பிழைச்சது, அங்கே இருந்த சனங்க என்ன பாடுபட்டாங்கன்னு சொல்லித் தர்ற ஊர் பெர்கன். அதைத் தாண்டிக் குதிச்சுட்டு ஏறினா, பன்னிரண்டு நாளும் காலண்டர் படம் பார்த்துட்டு வர்ற மாதிரிதான். குறைஞ்சது ரெண்டு ராத்திரி தங்குங்கன்னு சொல்றதுக்குத்தான் இந்தப் பதிவு.

முதல்ல கப்பலைப் பத்தி ரெண்டு வரி. ஹூர்டிக்ரூட்டன்னா 'விரைவு வழி'ன்னு அர்த்தம். இது சொகுசுக் கப்பலாப் பிறந்தது இல்லை. 1893-ல் ரிச்சர்ட் வித் என்கிற கேப்டன் தபால், சரக்கு, ஆள் எல்லாத்தையும் ஏத்திக்கிட்டு ட்ரான்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு ஓட்ட ஆரம்பிச்ச சேவை. 1898-ல் பெர்கன் வரைக்கும் நீண்டது. இப்போ பெர்கனிலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டின கிர்க்கெனெஸ் வரைக்கும் 34 துறைமுகங்கள். 2021-லிருந்து ஹூர்டிக்ரூட்டன், ஹவிலான்னு ரெண்டு கம்பெனிகள் இந்த வழியைப் பங்கு போட்டுக்கிட்டு ஓட்டுறாங்க. நம்ம ஊர் டவுன் பஸ் மாதிரி, நடுராத்திரியானாலும் ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்னு சரக்கை இறக்கிட்டுத்தான் போகும். 2011-ல் நார்வே பொதுத் தொலைக்காட்சி ஒரு முழுப் பயணத்தையும் 134 மணி நேரம் விடாம நேரலையில காட்டுச்சு. ஜனங்க உட்கார்ந்து பார்த்தாங்க. நம்ம மெகா சீரியல் எல்லாம் தோத்துச்சு போங்க :-)

இனி ஊருக்கு வருவோம். துறைமுகத்தை ஒட்டி சிவப்பு, மஞ்சள், வெள்ளைன்னு கூர்க்கூரையோட வரிசையா நிக்குற மரவீடுகள்தான் 'ப்ரிக்கன்'. எல்லாரும் எதிர்க்கரையில நின்னு போட்டோ எடுப்பாங்க. தப்பில்லை, எடுத்துக்கோங்க. ஆனா அதோட திரும்பிடாதீங்க. வீடுகளுக்கு நடுவுல குறுகலான மரச் சந்துகள் இருக்கு. உள்ளே நுழைஞ்சு நடங்க. பலகையெல்லாம் கோணிக்கிட்டு, சுவர் ஒண்ணு மேல ஒண்ணு சாய்ஞ்சுக்கிட்டு, தாரும் ஈரமரமும் கலந்த ஒரு வாசம். 1702-ல் பெரிய தீவிபத்து. எரிஞ்சதுக்கப்புறம் பழைய அமைப்பு மாறாமத் திரும்பக் கட்டினது இது. இப்போ மிச்சம் 62 கட்டடங்கள். 1979-லேயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தாச்சு.

இதைக் கட்டி ஆண்டது ஹான்சா என்கிற ஜெர்மன் வணிகர் கூட்டம். 1360 வாக்கில் இங்கே கிளை போட்டாங்க, 1754 வரைக்கும் அது நடந்துச்சு. கிட்டத்தட்ட நானூறு வருஷம்! இங்கே தங்கினவங்க எல்லாம் ஆம்பளைங்க. கல்யாணம் பண்ணிக்கக் கூடாது. தீவிபத்துக்குப் பயந்து வீட்டுக்குள்ள அடுப்பு மூட்டவும் கூடாது. பெர்கன் குளிருல! சூடான சாப்பாட்டுக்கும் குளிர் காயவும் பின்னாடி தனியா இருந்த பொதுக்கூடத்துக்குத்தான் போகணும். வேலை கத்துக்க வந்த சின்னப் பசங்க அந்தக் குளிர்லதான் வளர்ந்தாங்க.

இத்தனையும் எதுக்கு? கருவாட்டுக்கு. ஆமாங்க, கருவாடுதான். நம்மூர்க் கருவாட்டுக்கும் இதுக்கும் ஒரே வித்தியாசம், இதுல உப்பே கிடையாது. வடக்கே லோஃபோட்டன் தீவுகள்ல குளிர்காலக் கடைசியில பிடிக்கிற காட் மீனைத் தலையை வெட்டி, ரெண்டு ரெண்டா வாலைச் சேர்த்துக் கட்டி, மரச்சட்டத்துல தொங்க விட்டுடுவாங்க. குளிரும் காத்துமே காய வச்சுடும். வருஷக்கணக்கா கெடாது. அங்கே தானியம் சரியா விளையாது. அதனால மீனவர்கள் கருவாட்டைப் படகுல ஏத்தி பெர்கன் வரைக்கும் கொண்டு வந்து தானியம் வாங்கிட்டுப் போனாங்க. கையில காசு இல்லைன்னா வணிகர் கடன் கொடுப்பார். அடுத்த வருஷக் கருவாட்டை அவர்கிட்டதான் கொண்டு வரணும். அடுத்த வருஷமும் கடன். வட்டிக்கடை வாசல் எந்த ஊர்லயும் ஒரே மாதிரிதான் இருக்கு பாருங்க.

நாலாம் நாள் சாயங்காலம் கப்பல் லோஃபோட்டன்ல நிக்கும்போது அந்த மரச்சட்டங்களைப் பார்ப்பீங்க. சும்மா பார்க்கிறவருக்கு அது ஏதோ மூங்கில் பந்தல் மாதிரி இருக்கும். ப்ரிக்கன் சந்துக்குள்ள நடந்துட்டுப் போனவருக்கு அது ஒரு கடன் நோட்டு. கருவாடு தெற்கே வந்த அதே கடல்வழியிலதான் நாம வடக்கே போறோம்.

1955-ல் ப்ரிக்கன்ல திரும்பவும் தீ. எரிஞ்ச இடத்தைத் தோண்டினப்போ ரூன் எழுத்துல கீறின நூத்துக்கணக்கான மரக்குச்சிகள் கிடைச்சுது. பெரிய ராஜ சாசனம் எல்லாம் இல்லை. சரக்குல தொங்கவிட்ட பேர்ச்சீட்டு, கணக்கு, காதல், வம்பு. ஒரு குச்சியில இருக்கிற சேதி, கீடாங்கிற பொண்ணு ஒருத்தனை வீட்டுக்குத் திரும்பி வரச் சொல்றா. அவ்வளவுதான். இதைப் படிச்சதும் தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. எஸ்.எம்.எஸ். வர்றதுக்கு எத்தனையோ நூற்றாண்டு முந்தியே இந்தப் பாடு இருந்திருக்கு :-)

மீன் மார்க்கெட்டைப் பத்தி அதிகம் சொல்ல ஒண்ணுமில்லை. விலையைக் கேட்டா பசி போயிடும். மலை ரயில் 1918-லிருந்து ஓடுது, 320 மீட்டர் உயரத்துக்குச் சில நிமிஷத்துல கொண்டு போய் விட்டுடும். வரிசை நீளமா இருந்தா நடந்தே ஏறுங்க, நல்ல பாதை. மழையைப் பத்திக் கவலைப்படாதீங்க, எப்படியும் பெய்யும். 2006 அக்டோபர் கடைசியில ஆரம்பிச்சு 2007 ஜனவரி வரைக்கும் 85 நாள் தொடர்ந்து பெய்ஞ்ச ஊர் இது. குடையை நம்பாம மழைக்கோட்டு வாங்கிடுங்க.

இப்போ நான் முக்கியமாச் சொல்ல வந்த இடம். ரயில் நிலையத்துக்குக் கொஞ்ச தூரத்துல செயின்ட் யோர்கன் மருத்துவமனைன்னு ஒண்ணு இருக்கு. இப்போ அது தொழுநோய் அருங்காட்சியகம். பதினஞ்சாம் நூற்றாண்டுலேயே ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, இப்போ நிக்கிற கட்டடங்கள் 1700-களைச் சேர்ந்தவை. நடுவுல மரக்கூடம், ரெண்டு பக்கமும் மாடியிலயும் கீழயும் சின்னச்சின்ன அறைகள். ஒரு அறைக்கு ரெண்டு பேர். கடைசி ரெண்டு நோயாளிகள் இறந்தது 1946-ல். அந்த அறைக் கதவு ஒண்ணொண்ணா எட்டிப் பார்த்துக்கிட்டே போகும்போது பேச்சு நின்னுடும்.

நார்வேயில இந்த நோய் அதிகம் தாக்கினது மேற்குக் கரையோர ஏழைச் சனங்களை. கப்பல்ல போகும்போது 'ஆஹா'ன்னு படம் எடுக்கிறோமே, அந்த மாதிரிக் குக்கிராமங்கள்தான். 1856-ல் நாடு முழுக்க நோயாளிகளைப் பேர் பேராப் பதிய ஆரம்பிச்சாங்க. எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட பேர்கள். பரம்பரை நோய்னு பெரிய டாக்டர்களே நம்பிக்கிட்டிருந்த காலத்துல, 1873-ல் இதே பெர்கன்ல கெர்ஹார்ட் அர்மாவர் ஹான்சன் இதுக்குக் காரணம் ஒரு கிருமின்னு கண்டுபிடிச்சார். ஹான்சன் நோய்னு இன்னிக்கும் சொல்றது அவர் பேரால்தான்.

அவரை ஒரேயடியா சாமியாக்கிடவும் வேண்டாம். 1879-ல் காரி நீல்ஸ்டாட்டர் என்கிற பெண் நோயாளியோட கண்ணுல, அவங்க சம்மதம் கேக்காம, வேற நோயாளிகிட்ட எடுத்ததைச் செலுத்திப் பார்த்தார். விஷயம் கோர்ட்டுக்குப் போச்சு. 1880-ல் ஹான்சனோட ஆஸ்பத்திரிப் பதவி பறிபோச்சு. உலகமே கொண்டாடுற டாக்டரை, ஒரு ஏழைப் பொண்ணோட புகாருக்காக அந்தக் காலத்துலேயே தண்டிச்சிருக்காங்க. ஃப்யோர்டைவிட எனக்கு இதுதான் பெரிசாத் தெரிஞ்சுது.

நமக்கும் இதுல பங்கு உண்டு. ஹான்சன் கிருமியைப் பார்த்து எண்பது வருஷம் கழிச்சு, 1954-ல் வந்த 'ரத்தக்கண்ணீர்' படத்துல எம்.ஆர்.ராதாவுக்குக் குஷ்டம் வர்றது அவர் செஞ்ச பாவத்துக்குச் சம்பளமா. நடிப்பு பிரமாதம், சந்தேகமே இல்லை. ஆனா நோய்னா தண்டனைன்னு நம்ம மனசுல ஆணி அடிச்சதுல அதுக்கும் பங்கு இருக்கு. அடுத்த வருஷமே வேலூர் பக்கத்துல கரிகிரியில தொழுநோய் ஆராய்ச்சி மையம் வந்துடுச்சு. இன்னிக்கு மாத்திரையில முழுசா குணமாகிற நோய். ஆனா அந்தப் பேரை வசவாப் பயன்படுத்துறதை மட்டும் நாம விடலை.

இன்னொரு தொடர்பும் இருக்கு. 1980-களிலிருந்து ஃபின்மார்க் கரையோர மீன் ஆலைகள்ல ஈழத்திலிருந்து வந்த நம்ம சனங்க நிறையப் பேர் நின்னு வேலை பார்த்திருக்காங்க. பாட்ஸ்ஃப்யோர்ட், வார்டோ பக்கமெல்லாம் கப்பல் நிக்கும். வடக்கே போகும்போது அது நடுராத்திரி, நாம தூக்கத்துல இருப்போம். நானூறு வருஷம் ஜெர்மன்காரர் கணக்கு எழுதின அதே மீனை, அந்தக் குளிருல, தமிழ்க் கைகளும் வெட்டிச் சுத்தம் பண்ணியிருக்கு. ஒரு நிமிஷம் எழுந்து டெக்குக்கு வந்து பார்த்தா என்ன குறைஞ்சுடும்?

"வழியிலதான் 34 ஊர் வருதே, அங்கே பார்த்துக்கலாமே"ன்னு கேப்பீங்க. பல இடத்துல கால் மணி, அரை மணிதான் நிக்கும். அதுல ஊரா பார்க்க முடியும்? "நார்வே விலைக்கு ரெண்டு நாள் ஹோட்டலா?"ன்னா அது நியாயமான கவலைதான். ஆனா ப்ரிக்கன் சந்துக்கு டிக்கெட் கிடையாது, மலைப்பாதைக்கும் கிடையாது. அருங்காட்சியகத்துக்கு மட்டும் காசு எடுத்து வைங்க.

முதல் நாள் ப்ரிக்கனும் மலையும். ரெண்டாம் நாள் காலையில செயின்ட் யோர்கன். மூணாம் நாள் சாவகாசமா சாப்பிட்டு, பெட்டியை உருட்டிக்கிட்டு நோஸ்டெட் பக்கம் இருக்கிற கப்பல் துறைக்கு நடந்தே போயிடலாம். அப்புறம் ஜன்னல்ல தெரியற ஒவ்வொரு ஒத்தை வீட்டையும் பார்த்து, "இங்கேயிருந்து யார் கருவாடு கொண்டு போனாங்க, யார் நோயோட போய்த் திரும்பி வரலை"ன்னு மனசு கேக்கும். அந்தக் கேள்வி இல்லாமப் போறதுக்கு டிவியிலேயே 134 மணி நேரம் இருக்கே, இலவசமாப் பார்த்துக்கலாம்.

டிஸ்கி: அருங்காட்சியகங்கள் வருஷம் முழுக்கத் திறந்திருக்காது. பழுது பார்க்கவும் மூடுவாங்க. கிளம்புறதுக்கு முன்னாடி திறப்பு நேரத்தைப் பார்த்துட்டுத் தேதி வைங்க. கப்பலைப் பிடிக்கிறதுல காட்டுற அக்கறையில பாதி இதுக்குக் காட்டினா போதும்.