பூனையின் அந்திமக் காலம்

பூனை வீட்டை நாடுமேயன்றி வீட்டாரை நாடாது என்று நம்மவர் சொல்வதுண்டு. எலி பிடித்த காலமெல்லாம் அடுப்படியில் இடம்பெற்ற பூனை, பல் தேய்ந்து, மேனி மெலிந்து மூலையில் ஒதுங்கும்போது, வீட்டார் அதனை நாடுகின்றனரா என்பதை எவரும் கேட்பதில்லை.

பேணி வளர்க்கப்படும் பூனை 15 ஆண்டுகளோ அதற்கு மேலோ வாழும். 15 வயதுப் பூனை, மனிதரில் ஏறத்தாழ 76 வயதினருக்கு ஒப்பாகும். முதுமையில் மனிதரைப் போலவே அதனையும் புற்றுநோய் பற்றுவதுண்டு. குடலில் தோன்றும் 'லிம்போமா' முதிய பூனைகளிடத்துப் பெரிதும் காணப்படுவது. வெண்ணிறப் பூனைகளுக்கு வெயிலின் தாக்கத்தால் காது நுனியிலும் மூக்கிலும் தோற் புற்றுநோய் உண்டாகும். அவ்விடத்துப் புண் ஆறாதிருப்பின் காலந் தாழ்த்தாது மிருக வைத்தியரிடம் காட்டுதல் வேண்டும்.

நோய் முற்றிவிட்டது, இனி மாற்ற இயலாது என்று வைத்தியர் கூறிய பின்னர், செய்வதற்கு ஒன்றுமில்லை என இருந்துவிடுவோர் பலர். செய்வதற்கு நிரம்ப உண்டு.

முதலாவது, நோவை அறிதல். பூனை தன் நோவை மறைக்கும் இயல்பினது. கத்தி அழட்டும் என்று காத்திருத்தலாகாது. கூனிக் குறுகி இருத்தல், கண்களைச் சுருக்குதல், மேனியை நக்கித் துப்புரவாக்காது விடுதல், வழமையாக ஏறும் இடத்தில் ஏறாமை, தொட்டவுடன் சீறுதல் ஆகியன நோவின் குறிகள். நித்திரையில் நிமிடத்துக்கு 30 தடவைக்கு மேல் மூச்சு வாங்குமாயின் வைத்தியருக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

இரக்கத்தினால் எவரும் பனடோல் கொடுத்துவிடக் கூடாது. பரசிற்றமோலைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. அரைக் குளிகைதானும் செங்குருதிக் கலங்களைக் கெடுத்து உயிரைப் போக்கிவிடலாம். பூனைக்குரிய நோவாற்றும் மருந்துகள் வேறு உள. அவற்றை மிருக வைத்தியரே தருதல் வேண்டும்.

உணவை இளஞ்சூடாக வைத்தால் மணம் எழும். மணம் எழுந்தாற் பசியும் எழும். மீனை உப்பின்றி அவித்து, முள் நீக்கிச் சிறிது சிறிதாகப் பலமுறை கொடுக்கலாம். வெங்காயமும் உள்ளியும் பூனைக்கு நஞ்சாதலால் சொதி கலந்த சோறு ஆகாது. சில நாள்கள் உண்ணாதிருந்தால் ஈரலிற் கொழுப்புப் படிந்து புதிய நோய் மூளும். ஆகவே ஒரு நாள் முழுவதும் உணவை மறுத்தாலே வைத்தியரைக் கேட்க வேண்டும். பழஞ்சேலையை மடித்துத் தரையிலே படுக்கை இடுக. நீரும், விளிம்பு தாழ்ந்த மண் தட்டும் அருகே இருத்தல் நன்று.

அலிஸ் வில்லலோபோஸ் என்னும் அமெரிக்க மிருக வைத்தியர் 2004ஆம் ஆண்டில் ஓர் அளவுகோல் வகுத்தார். நோவு, பசி, நீர், துப்புரவு, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாள்களினும் நல்ல நாள்கள் மிகுந்திருத்தல் என்னும் ஏழையும் அது மதிப்பிடும். வீட்டு மாணவர் ஒருவர் நல்ல நாளையும் தீய நாளையும் நாட்காட்டியிற் குறித்து வரலாம். தீய நாள்கள் மிகுமாயின் உண்மை மறைக்க இயலாதபடி கண்முன் நிற்கும்.

அப்போது எழுவது கடினமான வினா. ஊசி மருந்தினால் நோவின்றி உயிரைப் பிரியச் செய்யலாமா? கொல்லாமையைப் போற்றும் நம்மவருட் சிலர், அதன் வினையை அதுவே அனுபவித்துத் தீர்க்கட்டும் என்பர். அவ்வாறு எண்ணுவோர் நோவாற்றும் மருந்தை இறுதிவரை தடையின்றிக் கொடுக்கக் கடமைப்பட்டவர். மருந்தும் பயன்படாத நிலையில், துடிக்கும் உயிரைப் பார்த்திருப்பது கொல்லாமையாகுமா என்பது என் ஐயம். அந்நிலையில் வைத்தியரின் ஊசியை நான் பாவமெனக் கொள்ளேன். ஒவ்வொரு குடும்பமும் தன் மனச்சான்றைக் கேட்டு முடிவு செய்க.

ஆயின் ஒன்றில் ஐயமில்லை. நோயுற்ற பூனையைச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விட்டுவருவது எவ்வறத்துக்கும் ஒவ்வாது. சாக்கின் வாயைக் கட்டும் கையைப் பிள்ளைகள் பார்த்திருக்கின்றனர். முதுமையை எவ்வாறு நடத்துவதென்பதை அவர்கள் அங்கேதான் கற்கின்றனர்.