ஆடையும் ஆணையும்

தோழர்களே! மேடையிலே தலைவருக்கு நாம் அணிவிக்கிறோமே சால்வை, அது எந்த நாட்டுச் சொல்? பாரசீகத்துச் சொல்! அதன் ஓரத்தில் மின்னும் ஜரிகையின் பெயரும் பாரசீகம் தந்ததே. செங்கோட்டைக் கடைத்தெருவிலே தொங்கும் சல்வாரும், ‘கால் ஆடை’ எனப் பொருள்படும் பைஜாமாவும் அங்கிருந்து வந்த பெயர்களே. பிடித்தது, உடுத்தினோம். அதிலே அவமானம் ஏதுமில்லை.

அவமானம் எப்போது பிறக்கிறது? உடுத்துவோர் விருப்பத்தை மிதித்துக்கொண்டு, ஆள்வோரின் ஆணை உடலின்மீது ஏறும்போது!

அந்தச் சொற்கள் பிறந்த ஈரானையே பாருங்கள். 1928-ல் ரெசா ஷா மன்னன் சட்டம் போட்டான்: ஆடவர் ஐரோப்பிய உடையும் பஹ்லவித் தொப்பியும் அணிய வேண்டும். 1936 ஜனவரியில் பெண்களின் முக்காட்டுக்கே தடை! தெருவிலே காவலர் அதைப் பறித்தனர். வெளியே வர நாணி வீட்டோடு முடங்கினர் பலர். இதற்குப் பெயர் முன்னேற்றமாம்!

1979-ல் புரட்சி. மன்னராட்சி மாய்ந்தது, மதகுருமார் ஆட்சி வந்தது. முக்காட்டைத் திணிக்காதே என்று அந்த மார்ச் மாதமே டெஹ்ரான் தெருக்களில் பெண்கள் திரண்டனர். கேட்டார்களா? 1983-ல் சட்டம் செய்தனர்: முக்காடின்றி வந்தால் 74 கசையடி வரை! 2022 செப்டம்பரில், முக்காடு சரியில்லை என்று பிடித்துச் செல்லப்பட்ட 22 வயது மாசா அமினி, காவலிலே வீழ்ந்து, 16-ஆம் நாள் உயிர் நீத்தார். நாடே கொதித்தெழுந்தது. அன்று பறித்தது ஒரு கை. பின்பு போர்த்தியது மறு கை. இரண்டும் அதிகாரத்தின் கைகளே!

‘அது ஈரான், செங்கோட்டைக்கு என்ன?’ என்பீர். 1956 நவம்பர் 1-ல் நெல்லை மாவட்டத்தோடு சேருமுன், நெடுங்காலம் திருவிதாங்கூர் மன்னராட்சியில் இருந்த மண் இது. அந்தச் சமஸ்தானத்தின் தென்கோடியிலே, நாடார் பெண்கள் மார்பை மறைத்தால் குற்றம் என்றது சாதித் திமிர். மேல்சாதிப் பெண்களைப்போலத் தோள்சீலை அணியக் கூடாது, கிறித்தவரானோர் குப்பாயம் மட்டும் அணியலாம் என்றது 1829-ஆம் ஆண்டுப் பிரகடனம். பெண்கள் பணியவில்லை. சீலைகள் கிழிக்கப்பட்டன, வீடுகள் எரிக்கப்பட்டன. சென்னை ஆளுநர் டிரவெலியன் நெருக்கிய பிறகே, 1859 ஜூலை 26-ல் மன்னர் உத்திரம் திருநாள் இறங்கி வந்தார். அப்போதும் என்ன சொன்னார்? மறைக்கலாம், ஆனால் மேல்சாதிப் பெண்கள் உடுத்தும் முறையில் கூடாது! உரிமையைக் கொடுத்த கையே அதில் ஒரு முழம் கத்தரித்துக்கொண்டது.

பழங்கதை என்று படுத்துறங்கலாமா? ஈரானில் முக்காடு விலகிய பெண்ணுக்குக் காவல் கொட்டடி. அதே 2022-ல் கர்நாடகத்தில் முக்காடு அணிந்த மாணவிக்குக் கல்லூரி வாயிலிலே தடை! வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. அக்டோபர் 13-ல் இரு நீதிபதிகள் இருவேறு தீர்ப்பளித்தனர்.

அணியாதே என்பதும், அணிந்தே தீர் என்பதும் ஒரே ஆணவத்தின் இரு குரல்கள். மன்னன் சொன்னாலும் மதகுரு சொன்னாலும் மந்திரி சொன்னாலும் நமது மறுப்பு ஒன்றே.

நமது வீட்டைப் பற்றியும் ஒரு சொல். டெஹ்ரான் பெண்ணுக்காகக் கைதட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, ‘சல்வார் எதற்கு, சேலை கட்டு’ என்று மகளை அதட்டும் தோழர் நம்மிடையே இல்லையா? அரியணை இல்லாத ரெசா ஷா அவர்! தோள்சீலைக்காக அடிபட்ட பெண்கள் வென்றெடுத்தது ஒரு முழத் துணியை மட்டுமா? என் உடலுக்கு ஆடையை நானே தேர்வேன் என்ற உரிமையை! அதை அவர்களின் பேத்திகளிடமிருந்து பறிக்க, தகப்பன் என்ற முறையிலும் நமக்கு அதிகாரம் இல்லை.