ஆலயத்தின் மேலாடை



நம் சேலம் பேராலயம் குழந்தை இயேசுவுக்கு அர்ப்பணிக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அதே பாலகனின் திருப்பெயரால் பழைய கோவாவில் விளங்குவது 'போம் ஜேசு' பெருங்கோவில். சேசு சபையார் 1594இல் அடிக்கல் நாட்டிய அவ்வாலயம் 1605இல் அபிஷேகம் பெற்றது. புனித சவேரியாரின் திருவுடல் அங்கே காக்கப்படுவதால் நம் மக்களும் திருயாத்திரை செல்கின்றனர். செல்வோர் பேழையைத் தரிசித்ததும் திரும்பிவிடாமல் ஆலயத்தையும் சற்று உற்று நோக்குதல் நன்று.

அது 'பரோக்' எனும் கலைப்பாணியைச் சார்ந்தது. எழுத்தறியாதவரும் கண்வழியே விசுவாசத்தைக் கற்க வேண்டும் என்பது அப்பாணியின் உட்கருத்து. பொன்முலாம் பூசிய நடுப்பீடத்தில் குழந்தை இயேசுவின் சிறிய சுரூபம். அதன் மேலே புனித இஞ்ஞாசியாரின் பெரிய சுரூபம். அவருடைய பார்வையோ உயரே கதிர்வீசும் இயேசுவின் திருநாமத்தின்மேல் பதிந்துள்ளது. அதற்கும் மேலே பரிசுத்த தமதிரித்துவம். கண் படிப்படியாக ஏற, உள்ளமும் உடன் ஏறுகிறது.

இத்துணைச் சிறப்பும் எளிய செம்புரைக்கல் சுவர்களுக்குள் அடங்கியுள்ளது. அக்கல் நுண்துளைகள் நிறைந்தது. நீரை எளிதில் உறிஞ்சும். ஆகவே, கட்டியோர் அதன்மேல் சுண்ணாம்புச் சாந்து பூசினர். 1950ஆம் ஆண்டுகளில், பழமைத் தோற்றம் வேண்டி அப்பூச்சு அகற்றப்பட்டது. இன்று யாத்திரிகர் வியக்கும் செந்நிறம், மேலாடை இழந்த கல்லின் நிறமே. ஒவ்வொரு மழைக்காலமும் அதனை அரிக்கின்றது. மீண்டும் பூச வேண்டும் என்ற குரல் அண்மைக் காலத்தில் வலுத்துள்ளது.

இதில் நமக்கும் பாடம் உண்டு. சேலம், நாமக்கல் பகுதிகளில் முன்னோர் எழுப்பிய ஆலயங்கள் பல. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவது நம் நாட்டுக் கொத்தர்களின் பழைய வழக்கம். அத்தகைய சுவர் ஈரத்தை உள்ளே அடைக்காது, வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவரைக் கெடுக்கும். நல்லெண்ணத்தோடு செய்யும் திருப்பணியே ஆலயத்துக்குத் தீங்காகலாம்.

எனவே, திருவிழாவுக்கு முன் ஆலயத்தைப் புதுப்பிக்க விழையும் பங்குகள், பழைய பூச்சைக் கொத்துமுன் சுண்ணாம்பு வேலை அறிந்தவரை அழைத்துச் சுவரைக் காட்டுங்கள். ஏழைகள் ஈந்த காணிக்கை அது. அறிந்து செலவிடுவது நம் கடமை.