ஓர்லாண்டோவின் பிந்திய துணிவு

1931ஆம் ஆண்டில் பாசிச அரசுக்கு விசுவாசப் பிரமாணஞ் செய்யாது பல்கலைக்கழகப் பதவியைத் துறந்தவர் என விற்றோரியோ எமானுவேலே ஓர்லாண்டோவைப் போற்றுவோர் உளர். அப்போற்றுதலை யாம் ஏற்பதற்கில்லை. நூற்றுக்கு 25 வீத வாக்குப் பெற்றாலே முதற் பட்டியலுக்கு மூன்றில் இரண்டு பங்கு ஆசனங்களை அளித்த 1923ஆம் ஆண்டின் அசேர்போ சட்டம் எதற்கு வழிகோலும் என்பதை, இத்தாலியப் பொதுச்சட்டவியலின் முதல்வராகிய அவர் அறியாரோ? ஆதரித்தார், 1924இல் முசோலினியின் பட்டியலிலேயே போட்டியுமிட்டார். அச்சத்தால் இணங்கினார் என்பது எளிய விளக்கம். பிழையின் வேர் அவரது போதனையிலேயே உளது. சட்டவியலை அரசியலினின்றும் பிரித்தே பயிலவேண்டுமென 1889இல் பலேர்மோவில் முழங்கியவர் அவர். அரசே உரிமைகளின் ஊற்றென்னும் அக்கோட்பாட்டில், அவ்வரசைக் கைப்பற்றியவன் யாவன் என்ற வினாவுக்கு இடமேது? 1925இல் அவர் விலகினார். பெரும்பான்மையோ அதற்கு முன்னரே முசோலினியின் கைக்குப் போய்விட்டது.