தோல் சீட் வேண்டாம், மாப்ளே

விமானத்தை வீட்டிலேயே செய்யலாம் என்று சொன்னால் பெருமாள்மலை டீக்கடையில் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். "ஐயா விமானப்படையில இருந்தவரு, ஏதோ சொல்றாரு" என்று பேச்சை மாற்றி பூண்டு விலைக்குப் போய்விடுகிறார்கள். பூண்டு விலையும் முக்கியம்தான். ஆனால் நான் சொல்வது கதை இல்லை.

நம் சென்னையிலேயே நூறு வருஷத்துக்கு முன் ஒருவர் செய்திருக்கிறார். மவுன்ட் ரோட்டில் ஹோட்டல் நடத்திய டி'ஏஞ்சலிஸ் என்ற கோர்சிக்காக்காரர். 1909 ஜூலையில் பிளேரியோ இங்கிலீஷ் கால்வாயைப் பறந்து கடந்த செய்தி வந்ததும் அவருக்கும் ஆசை பற்றிக்கொண்டது. அவர் சொன்னபடி விமானத்தைக் கட்டிக் கொடுத்தவர்கள் குதிரை வண்டிக்கும் காருக்கும் கூடு கட்டிய சிம்ப்சன் கம்பெனிக்காரர்கள். பல்லாவரத்தில் சோதித்துப் பார்த்துவிட்டு, 1910 மார்ச்சில் தீவுத்திடலில் டிக்கெட் போட்டுக் காட்டினார். 1911 பிப்ரவரியில் அலகாபாத்தில் தபால் மூட்டையோடு பறந்த விமானத்தைப் பற்றித்தான் நம்மில் பலருக்குத் தெரியும். அதற்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முந்தியது இந்த ஹோட்டல்காரர் பறந்தது.

பக்கத்துக் கதையும் உண்டு. நம் மலைக்கு மேற்கே இடுக்கி மாவட்டத்தில் தொடுபுழா பக்கம் சஜி தாமஸ் என்று ஒருவர். பிறவியிலேயே கேட்கவும் பேசவும் இயலாதவர், படிப்பும் பள்ளியோடு நின்றது. அவர் கையால் செய்த இரண்டு சீட் குட்டி விமானம் 2014-ல் பறந்து பார்க்கப்பட்டது நம் திருநெல்வேலி மாவட்டத்து மணிமுத்தாறில். மும்பையில் அமோல் யாதவ் என்ற பைலட் அடுக்குமாடி வீட்டு மொட்டை மாடியிலேயே ஆறு சீட் விமானம் கட்டினார். 2017-ல் அதற்குப் பதிவெண் கிடைத்தது. ஆலப்புழைக்காரர் அசோக் தாமரட்சன் கொரோனா ஊரடங்கில் இங்கிலாந்தில் உட்கார்ந்து நாலு சீட் விமானம் ஒன்றைப் பூட்டி முடித்து, சின்ன மகள் தியாவின் பெயரை வைத்து, மனைவி பிள்ளைகளோடு ஐரோப்பா சுற்றிவிட்டார்.

சஜியும் அமோலும் தாங்களே வடிவமைத்துச் செய்தவர்கள். அசோக் செய்தது வேறு ரகம். 'கிட்' என்பார்கள். தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கம் ஸ்லிங் என்ற கம்பெனி தயாரிக்கிறது. அலுமினியத் தகடுகள் அளவாக வெட்டி, ஓட்டை போட்டு, வரைபடத்தோடு மரப்பெட்டிகளில் வரும். நாம் ரிவெட் அடித்துப் பூட்ட வேண்டும். இந்தத் தொழிலில் பெரிய பெயர் அமெரிக்காவின் வான்ஸ். அவர்கள் கிட்டை வாங்கிப் பூட்டிப் பறந்த விமானங்கள் 11,000-க்கும் மேல்.

இப்போது இதை எழுதுவதற்குக் காரணம் என் தங்கை மகன். ஜோகன்னஸ்பர்க்கில் கம்ப்யூட்டர் வேலை. ஸ்லிங் கிட் ஒன்றுக்கு முன்பணம் கட்டியிருக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினான். "மாமா, இதுல எதை எடுக்கலாம், எதை விடலாம்னு சொல்லுங்க." பட்டியலைப் பார்த்தால் கல்யாண ஜவுளிக் கடை மாதிரி இருக்கிறது. இன்ஜினில் இரண்டு மூன்று, புரொப்பல்லரில் மூன்று, டேஷ்போர்டில் ஒரு திரையா இரண்டு திரையா, ஆட்டோபைலட், பாராசூட், தோல் சீட், ஏர்கண்டிஷன், இரண்டு வண்ணமா மூன்று வண்ணமா பெயின்ட்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காசையும் கிலோவையும் இன்ஜினிலும், பெட்ரோல் குழாயிலும், ஒயரிங்கிலும் போடு. கண்ணுக்கும் முதுகுக்கும் செலவழிக்காதே. வீடு கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் கணக்குப் பார்த்துவிட்டுக் கடைசியில் டைல்ஸில் கொட்டுவார்கள். இதிலும் அதேதான் நடக்கிறது.

இன்ஜினை எடுத்துக்கொள்வோம். மலையில் இருக்கிற நமக்கு இது சுலபமாகப் புரியும். கொடைக்கானல் 7,000 அடி. இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது. காற்று லேசு, அவ்வளவுதான் விஷயம். டர்போ இல்லாத 100 குதிரைத்திறன் இன்ஜின் இந்த உயரத்தில் ஏறத்தாழ 80 தான் கொடுக்கும். வத்தலக்குண்டிலிருந்து கார்புரேட்டர் வண்டியில் ஏறி வந்த காலம் ஞாபகம் இருக்கும் உங்களுக்கு. ஊத்தைத் தாண்டினாலே இழுவை குறைந்து கரும்புகை வரும், ஏனென்றால் காற்று குறைந்தாலும் பெட்ரோல் அதே அளவு இறங்கிக்கொண்டிருக்கும். ஜோகன்னஸ்பர்க்கும் 5,500 அடிக்கு மேல் உள்ள ஊர். கோடையில் நடுப்பகல் 30 டிகிரி வெயிலில் அங்கே காற்றின் அடர்த்தி 8,000 அடிக்கு மேலே இருப்பது போல ஆகிவிடும். நாலு பேரை ஏற்றிக்கொண்டு ஓடுபாதை முடிவதற்குள் எழும்ப வேண்டும். அங்கே டர்போ என்பது ஆடம்பரம் இல்லை, குக்கர் மாதிரி. ரோடாக்ஸ் 915 இன்ஜின் 141 குதிரைத்திறன், அந்தச் சக்தியைப் 15,000 அடி வரை விடாமல் வைத்திருக்கும். விலை கண்ணைக் கட்டுகிறது. பரவாயில்லை, எடு என்றேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. கார்புரேட்டர் உள்ள விமான இன்ஜினுக்கு எமன் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது சூட்டை உறிஞ்சும். காற்று ஈரமாக இருந்தால் கார்புரேட்டர் தொண்டையில் ஐஸ் கட்டி இன்ஜின் மூச்சடைத்துப் போகும். கடுங்குளிரில்தான் இது நடக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. பத்திலிருந்து இருபது டிகிரி, கூடவே மூடுபனி, அதாவது கோக்கர்ஸ் வாக்கில் சாயங்காலம் இருக்குமே, அதுதான் இதற்கு ரொம்பத் தோதான வானிலை. 915-ல் கார்புரேட்டர் கிடையாது, இன்ஜெக்‌ஷன். அந்தக் கவலை விட்டது.

ஆனால் ஒரு வசதியை வாங்கினால் அது இன்னொரு செலவைக் கையோடு கூட்டி வரும். இன்ஜெக்‌ஷன் இன்ஜினுக்கு மின்சாரம் இல்லாவிட்டால் பம்பும் ஓடாது, கம்ப்யூட்டரும் ஓடாது, இன்ஜின் நின்றுவிடும். என் காலத்து இன்ஜினில் மேக்னட்டோ இருந்தது. பேட்டரியே செத்துப்போனாலும் பொறி அடித்துக்கொண்டே இருக்கும். ஆகவே இந்த இன்ஜினை வாங்குகிறவன் ஒயரிங்கில் கஞ்சத்தனம் செய்யவே கூடாது. தனி மாற்று பேட்டரி, நல்ல தரமான டெர்மினல், ஒவ்வொரு ஒயருக்கும் எண், உரசும் இடத்தில் உறை. மாப்பிள்ளையின் பட்டியலில் மாற்று பேட்டரி கடைசி வரியில் இருந்தது. தோல் சீட் அதற்கு மேலே.

பெட்ரோல் குழாய் விஷயத்துக்கு வருகிறேன். 'கன்ட்ரி ரோட்ஸ்' பாடிய ஜான் டென்வரைக் கேட்காதவர்கள் கொடைக்கானலில் குறைவு. 1997 அக்டோபர் 12 அன்று கலிபோர்னியா கடற்கரையில் விமானம் விழுந்து இறந்தார். அது லாங்-ஈஸி என்ற வீட்டு விமானம். வேறொருவர் கட்டியதை டென்வர் அப்போதுதான் வாங்கியிருந்தார். வடிவமைத்த பர்ட் ரூட்டன், டேங்க் மாற்றும் வால்வை பைலட்டின் கால்களுக்கு நடுவே, கை பட்டென்று எட்டும் இடத்தில் வைக்கச் சொல்லி வரைந்திருந்தார். கட்டியவர், பெட்ரோல் குழாய் காக்பிட்டுக்குள் வர வேண்டாம் என்று நல்லெண்ணத்தோடு அதை பைலட்டின் இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தார். ஒரு டேங்க் காலியானதும் மற்றதற்கு மாற்ற வேண்டுமானால் கைப்பிடியை விட்டு, உடம்பைத் திருப்பி, பின்னால் துழாவ வேண்டும். திரும்பும்போது கால் தன்னால் ரட்டரை மிதித்துவிடும். விசாரணையில் இதுதான் வந்தது.

இதே லாங்-ஈஸியின் அடிப்படையில்தான் பெங்களூர் தேசிய விண்வெளி ஆய்வகத்தினர் 1987-ல் ஒரு ஆராய்ச்சி விமானத்தைப் பறக்கவிட்டார்கள். அந்த அனுபவத்துக்குப் பிறகு வந்தது ஹன்சா. அதன் புது வடிவம் 2022 பிப்ரவரியில் பெங்களூரிலிருந்து புதுச்சேரிக்குப் பறந்து கடல் மட்டச் சோதனைகளை முடித்தது. அதிலும் ரோடாக்ஸ் இன்ஜின்தான். வடிவம் ஒன்றும் கெட்டதில்லை என்பதற்காகச் சொல்கிறேன். கெடுத்தது ஒரு வால்வு இருந்த இடம்.

அதனால் மாப்பிள்ளையிடம் ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தேன். பெட்ரோல் டேங்கிலிருந்து இன்ஜின் வரை வரைபடத்தில் உள்ளது உள்ளபடி. இணையத்தில் யாரோ நல்லா இருக்கு என்று சொன்ன பம்ப், வடிகட்டி எதுவும் வேண்டாம். புதுமை செய்ய ஆசையாக இருந்தால் பெயின்டில் செய்யட்டும்.

கம்பெனியே மாற்றினாலும் வம்பு வரலாம். கொரோனாவுக்குப் பிறகு ஆர்டர் குவிந்ததால் வான்ஸ் சில தகடுகளில் ஓட்டைகளை லேசரால் வெட்ட ஆரம்பித்தார்கள். அந்த ஓட்டை விளிம்பிலிருந்து விரிசல் கிளம்புவதைப் பூட்டுகிறவர்கள் கண்டுபிடித்தார்கள். பாகங்களை மாற்றிக் கொடுக்கும் செலவும் சேர்ந்து 2023 டிசம்பரில் அந்தக் கம்பெனி திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. பிறகு மீண்டுவிட்டார்கள். பெட்டி வந்ததும் பூதக்கண்ணாடியோடு உட்கார் என்று நான் சொன்னபோது அவன் சிரித்தான். ஒரு ரிவெட் ஓட்டையில் முடி அளவு கோடு தெரிந்தால் அந்தத் தகடு விமானத்துக்கு ஆகாது. எங்கள் பட்டறையில் அதைப் பார்க்கத் தெரிந்த பிறகுதான் ஸ்பேனரையே கையில் கொடுப்பார்கள்.

திரைகளைப் பற்றி எனக்கும் அவனுக்கும் சண்டை. கார்மின் பெரிய திரை இரண்டு வேண்டும் என்கிறான். ஒன்று போதும், பக்கத்தில் பழைய முள் வைத்த வேகமானி ஒன்று இருக்கட்டும் என்கிறேன் நான். அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-ல் வெளியிட்ட ஆய்வு இருக்கிறது. அங்கே சிறு விமானங்களில் வீட்டில் கட்டியவை பத்தில் ஒரு பங்கு. ஆனால் 2011-ல் உயிர்ச்சேத விபத்துகளில் அவற்றின் பங்கு ஐந்தில் ஒன்று. முக்கியமான காரணங்கள் இன்ஜின் சக்தி போவதும், கட்டுப்பாடு இழப்பதும். இரண்டாவது திரை இதில் எதைத் தடுக்கும்? அந்தக் காசில் காற்றை இறக்கை எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்று காட்டும் சின்னக் கருவியை வாங்கலாம், விமானம் மிதப்பை இழக்கப் போகிறது என்று முன்கூட்டியே கத்தும். மிச்சத்தில் இருபது மணி நேரம் நல்ல ஆசிரியரோடு பறக்கலாம்.

பாராசூட்டை மட்டும் நான் எடுக்கச் சொன்னேன். ஆள் கட்டிக்கொள்வது இல்லை, முழு விமானத்துக்கும் விரிவது. என் வயதுக்காரர்கள் பலர் அதைக் கிண்டல் செய்வார்கள். சமவெளியில் இன்ஜின் நின்றால் வயலில் இறக்கலாம். பேரிஜம் காட்டுக்கு மேலே நின்றால் எங்கே இறக்குவது? கீழே சோலை, அதற்குக் கீழே பாறை. மலையுள்ள நாட்டில் பறக்கிறவனுக்கு அந்த எடை வீண் இல்லை. தாழ்வாகப் பறக்கும்போது விரியவே நேரம் இருக்காது என்பதையும் சொல்லியிருக்கிறேன்.

எடைக் கணக்கு இப்படி. பெட்ரோல் லிட்டர் சுமார் 720 கிராம். தோல் சீட், தரை விரிப்பு, மூன்றாவது வண்ணம், ஏர்கண்டிஷன் எல்லாம் சேர்ந்து 15 கிலோ கூடினால், எடை வரம்புக்குள் நிற்க 20 லிட்டர் பெட்ரோலைக் குறைக்க வேண்டும். அந்த இன்ஜினுக்கு அது அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடும் எண்ணெய். மேகம் மூடி வேறு ஊருக்குத் திரும்ப வேண்டிய நாளில் அந்த அரை மணி எங்கே கிடைக்கும்? பெண்டாட்டியும் இரண்டு குழந்தைகளும் பின்னால் இருக்கப் போகிறார்கள். என் தங்கை இதையெல்லாம் கேட்டுவிட்டு, "அண்ணே, பேசாம ஒரு கார் வாங்கச் சொல்லுங்களேன்" என்றாள். அதுவும் ஒரு கருத்துதான்.

இங்கே யாராவது செய்ய நினைத்தால் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ரோடாக்ஸ் இன்ஜினுக்கு 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த பெட்ரோல் போடலாம் என்பது கம்பெனி சொல்லும் வரம்பு. நம் பங்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில ரப்பர்களை ஊறவைக்கும். எந்த இன்ஜின் என்று யோசிப்பதற்கு முன் எந்தப் பெட்ரோல், எங்கிருந்து என்று யோசிக்க வேண்டிய நிலை.

நேற்று மாப்பிள்ளை பேசினான். சீட் துணிதான், ஏர்கண்டிஷன் இல்லை, மாற்று பேட்டரி முதல் வரிக்கு ஏறிவிட்டது. இரண்டாவது திரையை அவன் விடுவதாக இல்லை. வேகமானியையும் வைத்துக்கொள்கிறேன் மாமா என்று பாதி வழி வந்திருக்கிறான். புரொப்பல்லர் மட்டும் பாக்கி. பறக்கும்போதே கோணம் மாறும் ரகம் விலை அதிகம், பராமரிப்பும் அதிகம். ஆனால் ஏற்றத்தில் நன்றாக இழுக்கும். தரையில் ஒருமுறை திருகி வைக்கும் ரகத்தில் கெட்டுப்போக அதிகமாக எதுவும் இல்லை. அந்த உயரத்தில், அந்த வெயிலில், நாலு பேரோடு என்றால் நான் முதலாவதைத்தான் சொல்வேன். விலைப்பட்டியல் வரட்டும் என்று காத்திருக்கிறோம்.